நாக்குக்கு யார் மார்க் போடுவது?

திருத்துறைப்பூண்டியில் 'ஒயின் ஷாப்பு எங்கே இருக்கு' என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வழி காட்டும். அந்தக் கடையில் ஒயின் கேட்டு வாங்குகிற ஆளை மட்டும் நான் பார்த்ததில்லை. குவார்ட்டர் பிராந்தி, குவார்ட்டர் ரம், பீர், அவ்வளவுதான் பேச்சு. பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிப்பது என்று உலகத்தில் அர்த்தம். நம்ம சனங்களுக்கு அந்தப் பெயரில் ஊற்றுவதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்தது. அதைக் குடிக்கிறவனுடைய நாக்கை யாரும் எதுவும் கேட்பதில்லை. கடையில் என்ன சரக்கு இருக்கோ அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, மேலே ஒரு நக்கு ஊறுகாய். ருசி பார்க்காமல் விழுங்குவதற்கென்றே செய்த பானம்.

இதே உலகத்தில், ஒரு வாய் ஒயினை நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, அது எந்த மாதிரி வெயிலில் விளைந்த திராட்சை, மரப்பீப்பாயில் கிடந்ததா இல்லையா, இன்னும் சில வருஷம் வைத்திருந்தால் தேறுமா என்று எழுதுவதற்குப் பரீட்சை நடக்கிறது. லண்டனில் 1969-இல் தொடங்கிய 'ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் ட்ரஸ்ட்' என்கிற அமைப்பு நடத்துகிறது. படிப்படியாக நிலைகள். மூன்றாம் நிலைதான் உயர்நிலை, அதற்கு மேலே டிப்ளமா. பெரிய ஓட்டலிலும் சொகுசுக் கப்பலிலும் ஒயினைத் தேர்ந்து பரிமாறுகிற 'சொமெலியே' வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழ் கதவைத் திறந்துவிடும்.

இதை நான் எழுதக் காரணம், ரயிலடிக்கு அந்தாண்டக் காலனிப் பையன் ஒருவன். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலில் பரிமாறுகிற வேலைக்குப் போனவன். இரண்டாம் நிலை தேறிவிட்டான். மூன்றாம் நிலைக்குப் படிக்கிறான். "அண்ணே, இதுக்கு லோன் கெடைக்குமாண்ணே?" என்று, வங்கியில் வேலை பார்க்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டான். நாலு தோழர்கள் கூடியிருந்தபோது இந்தச் சேதியைச் சொன்னேன். ஒருவர், "சாராயத்துல செத்த சனத்துக்குச் சாராயப் படிப்பா?" என்றார். இன்னொருவர் சிரித்தார். "அதெல்லாம் மேட்டுக்குடி நாக்குக்குத் தோழர், நமக்கெதுக்கு?"

முதலாமவரின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாமவரின் சிரிப்போடுதான் என் சண்டை. நமக்கு நாக்கு கிடையாது என்று நாமே சொல்லிக்கொள்வது, ஆண்டை எழுதிக்கொடுத்த வசனத்தை ஆண்டை செத்த பிறகும் ஒப்பிப்பது.

பரீட்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஐம்பது கொள்குறிக் கேள்வி, எழுதி விளக்குகிற கேள்வி நாலு. இரண்டு மணி நேரம். பிறகு அரை மணி நேரத்தில் இரண்டு கிளாஸ், வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. பாட்டில் கண்ணில் படாது. இரண்டு பகுதியிலும் தனித்தனியாக 55 சதவிகிதம் வாங்கணும். ருசி பார்ப்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் நிறம். பிறகு மூக்கு. பிறகு வாய்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, சாராயச் சூடு, வாயில் கனமா லேசா, விழுங்கினபிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது. கடைசியில் தீர்ப்பு. 'பிரமாதம்', 'அருமை' என்று எழுதினால் மார்க் இல்லை. ஏன் என்று காரணம் எழுதணும். குளிர் பூமித் திராட்சையில் புளிப்பு ஏன் நிற்கிறது, சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து எப்படி இறங்குகிறது, மண்ணில் தண்ணீர் தேங்கினால் கொடிக்கு என்ன ஆகும். படித்துப் பார்த்தேன். பாதி வேளாண்மைப் பாடம். பாக்கி, பொறுமையாக மோந்து பார்க்கிற பழக்கம்.

அதாவது இது கற்றுக்கொள்கிற விஷயம். பரம்பரை நாக்கு, குலத்து ருசி என்கிற கதைக்கெல்லாம் இங்கே இடமில்லை என்பதைப் பரீட்சை இருப்பதே காட்டிவிடுகிறது. பிறப்பால் வருவதென்றால் எதற்குப் பாடப் புத்தகம்?

ஒயின் உலகத்திலும் வருணம் உண்டு. 1855-இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக, போர்டோ பக்கத்துத் தோட்டங்களை விலையை வைத்து ஐந்து படியாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். முதல் படி, இரண்டாம் படி என்று ஐந்து. அந்தப் பட்டியலில் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்கு ஏறின தோட்டம் ஒன்றே ஒன்று. மூத்தோன் ரோட்ஷில்ட், 1973-இல், இரண்டிலிருந்து ஒன்றுக்கு. அதற்கே 118 வருஷம். அதன் முதலாளி ரோட்ஷில்ட் குடும்பம் என்பதையும் சேர்த்துப் படிக்கணும். மூன்று வருஷம் கழித்து, 1976 மே 24-ஆம் தேதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்கிற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பாரிசில் ஒரு காரியம் செய்தார். பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் பெயர் மறைத்து பிரெஞ்சு நடுவர்கள் முன்னால் வைத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. லேபிளை மறைத்தால் நாக்கு உண்மை பேசுகிறது. சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு விடைத்தாள் திருத்துகிற நாட்டில் இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாக்கும் ஏமாறும். 2001-இல் போர்டோவில் ஃபிரெடெரிக் பிரோஷே என்கிற ஆய்வாளர் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயினியல் மாணவர்களுக்குக் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளையே அவர்கள் எழுதினார்கள். நிறத்தைப் பார்த்ததும் மூக்கு அதன் சொல்படி நடக்கிறது. இதை வைத்து 'ஒயின் ருசியே பித்தலாட்டம்' என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறே. நிறத்தைப் பார்த்ததும் மூக்கைச் சுளிக்கிற சமூகத்தின் மூக்கும் இப்படிப் பழக்கப்பட்டதுதான்.

இதிலேயே ஆகப் பெரிய பட்டம் 'மாஸ்டர் ஆஃப் ஒயின்'. 1953-இல் முதல் பரீட்சையில் 21 பேர் உட்கார்ந்து ஆறு பேர் தேறினார்கள். அத்தனை பேரும் ஆம்பிளைகள். ஒரு பெண் தேற 1970 ஆனது. இந்தியாவிலிருந்து முதலாவதாகத் தேறியவர் சோனல் ஹாலண்ட், 2016-இல். 36 ஒயினைப் பெயர் தெரியாமல் ருசி பார்த்து எழுதுகிற பரீட்சை. கதவு மெதுவாகத்தான் திறக்கிறது. ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. சாதிக்கு அதுகூடக் கிடையாது.

இப்போது வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு இதில் கவிதை எழுதுகிறவனின் சுயநலமும் உண்டு. பையன் தடுமாறுகிற இடம் இதுதான். புத்தகம் 'கூஸ்பெரி' என்கிறது, 'பிளாக்கரண்ட்' என்கிறது, 'டிரஃபிள்' என்கிறது. இதில் ஒன்றையும் அவன் சின்ன வயசில் தின்றதில்லை. இல்லாத ஞாபகத்தை மனப்பாடம் செய்து எழுதச் சொல்கிறார்கள்.

இந்தத் தடுமாற்றம் அவனுக்கு மட்டும் வந்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் இன்ட்சிகி பியேலா என்று ஒரு பெண். குவாசுலு நாட்டால் கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு விமான நிறுவனத்தின் உதவித்தொகை கிடைத்து, 1999-இல் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்புப் படிக்கப் போனார். அதுவரை ஒயினை வாயில் வைத்ததில்லை. பாடம் நடந்தது ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில், ஒடுக்கினவன் மொழியில், இவருக்குத் தெரியாத மொழியில். ஒயினில் 'டிரஃபிள்' மணம் என்று வகுப்பில் சொன்னபோது இவருக்கு ஞாபகம் வந்தது ஊரில் தரை மெழுகுகிற சாணி. அதை வைத்தே அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டார். படித்து முடித்து, நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர் ஆனார். பிறகு தொடங்கின சொந்த ஒயினுக்குப் பாட்டியின் பெயர்: அஸ்லினா.

ஜிம்பாப்வேயிலிருந்து பிழைக்க ஓடிவந்து தென்னாப்பிரிக்க ஓட்டல்களில் வேலை பார்த்த நாலு பேர், 2017-இல் பிரான்சின் பர்கண்டியில் நடந்த உலகக் கண்கட்டு ருசிப் போட்டிக்குப் போனார்கள். அன்றைக்குக் கடைசிக்கு முந்தின இடம். அடுத்த வருஷம் மேலே ஏறினார்கள். 'பிளைண்ட் ஆம்பிஷன்' என்று 2021-இல் படமாகவும் வந்தது. அந்த நாலு பேரில் டினாஷே நியாமுடோகா, தன் ஊர்க் காட்டுப் பழங்களின் ஷோனா பெயர்களை வைத்தே ஒயினைப் படிக்கப் பழகினவர்.

சாணி என்றதும் நம்ம பக்கத்தில் வேறொரு ஞாபகம் வரும். தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலம். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சங்கம் கட்டிப் போராடி, 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது ஒழிந்தது. நம்ம தாத்தன் நாக்குக்கு ஆண்டை வைத்த பரீட்சை அது. ஒயின் வகுப்பில் துப்புவதற்குச் சட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் துப்புகிறார்கள், துப்பத் தெரிவதே படிப்பின் அடையாளம். பூனாவில் பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவன் எச்சில் தரையில் விழக்கூடாதென்று கழுத்தில் மண்சட்டி கட்டவைத்ததை அம்பேத்கர் 1936-இல் எழுதினார். சட்டி ஒன்றுதான். யார் கழுத்தில், யார் மேசையில் என்பதில் இருக்கிறது எல்லாம்.

மூக்கின் அரசியல் இன்னும் வேடிக்கை. சில சிவப்பு ஒயினில் ஒரு நுண்ணுயிரால் மாட்டுத்தொழுவ வாசம் வரும். கொஞ்சமாக இருந்தால் 'ஆழம்' என்று மெச்சிக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் உண்டு. ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் பழகப்பழகக் கிருஷ்ணாயில் வாசம் அடிக்கும். அதற்கு மரியாதை. நம்ம வீட்டில் கிருஷ்ணாயில் விளக்கு வாசமும் தொழுவ வாசமும் அடித்தபோது ஊர்த்தெரு மூக்கைப் பொத்தியது. 'நாற்றம்' என்கிற தமிழ்ச் சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் இருந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1984-இல் ஒயின் மணங்களை ஒரு சக்கரமாக வரைந்தார். 'நேர்த்தி', 'கம்பீரம்' போன்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. பழம், பூ, மண், புகை என்று தொட்டுக்காட்டக்கூடியவை மட்டும். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பையனிடம் சொன்னேன், உன் சக்கரத்தை நீ வரை என்று. நாவற்பழம், இலந்தை, கொடுக்காப்புளி, பனம்பழம், தாழம்பூ, நெல் அவிக்கிற ஆவி, வைக்கோல்போர் நனைந்த புழுக்கம், அடிப்பிடித்த காந்தல், கருவாட்டுக் கவுச்சி, எண்ணெய்ச் சிக்கு, மிளகாய் நெடி. வாசத்துக்கு இத்தனை தினுசாகச் சொல் வைத்திருக்கிற சனத்துக்கு மூக்கில்லையாம். சிவப்பு ஒயினில் 'டானின்' என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் புரியாமல் முழிக்கிற ருசி, நமக்குத் துவர்ப்பு. கடுக்காய், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு என்று நாலு வயசிலேயே தெரியும். புத்தகத்தில் இங்கிலீஷ் சொல்லைத்தான் எழுதணும், அதில் தப்பிக்க வழியில்லை. ஆனால் நாவற்பழத்தைப் பிடித்துக்கொண்டு பிளாக்கரண்டுக்குப் போய்ச் சேரலாம்.

எங்க அப்பாயி நெல்லை ஒரு கடி கடித்துப் பார்த்துக் காய்ச்சல் பதம் சொல்லும். இன்னொரு நாள் வெயில் வேணுமா, மூட்டை பிடிக்கலாமா என்பது பல்லுக்குத் தெரியும். இன்றைக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மெஷின் வைத்து 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் என்றால் தள்ளுகிறார்கள். பல்லுக்குத் தெரிந்தது மெஷினுக்குப் போனதும் அறிவாகிவிட்டது. உப்புத் தரைக்குக் குழியடிச்சான், வெள்ளத்துக்குக் காட்டுயானம் என்று மண்ணையும் ரகத்தையும் பொருத்தத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா மூலம் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அவர் பெயர் நிற்க வேண்டியதுதான். சேற்றில் இறங்கி அந்த ரகங்களை நட்டு, அறுத்து, அடித்து, குத்தி, கூலிக்கு மட்டமான நெல்லை வாங்கிக்கொண்டு போன கைகளின் ருசி அறிவு எந்தப் பட்டியலில் இருக்கிறது? மண்ணும் வெயிலும் ருசியில் தெரியும் என்பதைப் பிரெஞ்சுக்காரன் 'டெர்வா' என்று ஒரு சொல்லாக்கி, சட்டமாக்கி, உலகம் பூராவும் பரீட்சையில் கேள்வியாக்கிவிட்டான். நம்மிடம் அறிவு இருந்தது. கேள்வித்தாள் போடுகிற அதிகாரம் இல்லை.

கள்ளும் அப்படித்தான். காலையில் இனிப்பு, உச்சிக்குப் புளிப்பு, சாயங்காலம் கடுப்பு என்று புளிப்பேறுகிற கணக்கு இறக்குகிறவனுக்கும் குடிக்கிறவனுக்கும் தெரியும். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் குற்றம். திராட்சை புளித்தால் பண்பாடு, பாளைச்சாறு புளித்தால் போலீஸ்.

இப்போது முதல் தோழரின் கோபம். தென்னாப்பிரிக்கக் கேப் பகுதியில் 1659-இல் டச்சுக் கம்பெனிக்காரன் முதல் ஒயினைப் பிழிந்தான். அந்தக் கம்பெனி அங்கே கொண்டுபோன அடிமைகளில் சோழமண்டலக் கரைக்காரர்களும் உண்டு. நம்ம நாகப்பட்டினத்தில் அவன் கோட்டை இருந்தது. அந்தத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை அங்கங்கே நடந்தது. வயிற்றிலேயே சாராயத்தால் கெட்டுப் பிறக்கிற பிள்ளைகள் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கிற இடங்களில் ஒன்று அந்தப் பகுதி. திராட்சை வளர்த்தவனுக்கு நல்ல ஒயின் ருசி தெரியாது, போதை மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள்.

இங்கே? 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. 2023-24-இல் மட்டும் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கூட்டிய மது ஒழிப்பு மாநாட்டின் பெயரே மகளிர் மாநாடு. அந்தப் பெண்களிடம் போய் 'ஒயின் ஒரு கலை' என்று பேசுகிற துணிச்சல் எனக்கில்லை, அப்படிப் பேசுகிறவன் அயோக்கியன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். இந்தப் பையன் குடிக்கப் படிக்கவில்லை. துப்பப் படிக்கிறான், விற்கப் படிக்கிறான். கப்பலில் குடிக்கப்போகிறவன் யாரோ பணக்காரன். இவன் தேறாவிட்டால் அவன் குடிக்காமல் இருக்கப்போவதில்லை, இவன் மட்டும் தட்டு எடுத்துக்கொண்டு நிற்பான். மதுவிலக்கு வேண்டும் என்கிறவர்களும் நம்ம பிள்ளை ஓட்டலில் தட்டுக் கழுவுவதைக் குறை சொன்னதில்லை. பாட்டிலைத் திறந்து, மோந்து, 'இது கெட்டுப்போனது, மேசைக்கு வராது' என்று சொல்கிற இடத்தில் அவன் நின்றால் மட்டும் ஒழுக்கம் ஞாபகத்துக்கு வருகிறது.

கடைசியாக என் தொழில் சார்ந்த விஷயம். இந்தப் படிப்புக் கட்டணம் கூலிக் குடும்பத்தின் பல மாசச் சம்பாத்தியம். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் நீண்ட காலம் 150 சதவிகிதச் சுங்கவரி இருந்தது. ருசி பழக ஒரு பாட்டில் வாங்குவதே இங்கே வசதியுள்ளவன் சமாசாரம். வங்கிக்குப் போனால் கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணை கேட்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அதற்கு முன்னால், படிப்பு அங்கீகரிக்கப்பட்டதா, திறன் கடனென்றால் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தோடு ஒட்டியதா என்று கேட்பார்கள். மாசச் சம்பளக்காரன் பிள்ளை என்றால் அப்பா தனிநபர் கடன் எடுத்துக் கொடுத்துவிடுவார், எந்தச் சட்டகமும் குறுக்கே வராது. நம்ம பையனுக்கு ஒவ்வொரு எழுத்தும் குறுக்கே வரும்.

தாட்கோ ஏற்கெனவே சென்னைத் தரமணி ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளைத் தன் செலவில் படிக்க வைக்கிறது. நல்ல காரியம். சமையலும் பரிமாறலும் அறை சுத்தமும் கற்றுக்கொண்டு வருகிறவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு இந்த மூன்றாம் நிலைப் பரீட்சைக் கட்டணத்தையும் அந்தத் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்பது என் யோசனை. மனுவை நான் எழுதித் தருகிறேன். மூன்றாம் நிலைக்குத் தமிழில் பாடக் குறிப்பு தயாரிக்கவும் ஆள் வேண்டும். பையன் கப்பலிலிருந்து வாரம் ஒரு பாடம் சொல்லி அனுப்பச் சம்மதித்திருக்கிறான். 'அசிடிட்டி'க்குப் புளிப்பு என்றே போட்டுவிட்டோம். 'ஃபினிஷ்' என்பதற்கு இன்னும் சொல் அமையவில்லை. விழுங்கினபிறகும் நாக்கில் தங்குகிற ருசிக்கு உங்கள் தெருவில் ஏதாவது சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.